வலி தெரியாத பாதத்துக்கு ஒரு காலுறை செய்வது எப்படி

போன வருடம் மாசியில் என் பெரியம்மாவின் இடது குதிகாலில் வேலமுள் ஏறியிருந்தது. ஏறி இரண்டு நாள் ஆகியிருக்கும். அந்த இரண்டு நாளும் அவர் பால் கறந்தார், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டார், போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய் வந்தார். சிமெண்டுத் தரையில் காய்ந்து கிடந்த ரத்தப் புள்ளிகளைப் பார்த்துப் பேத்திதான் கேட்டாள். "முள்ளா? எனக்கு ஒண்ணும் தெரியலையே சாமி" என்றார் பெரியம்மா. அவருக்குப் பதினாறு வருடமாகச் சுகர். கால் மரத்துப் போய் நாலைந்து வருடம் இருக்கும். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். ஓசூரில் சர்க்யூட் போர்டு தயாரிக்கும் இடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். பெரியம்மாவின் ஊர் இங்கிருந்து பக்கம்தான். அந்த முள்ளுக்குப் பிறகு அவருக்காக ஒரு காலுறை செய்தேன். மூன்று முறை பிரித்து, நான்காவதாகச் செய்ததுதான் இப்போது அவர் போடுவது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உடம்பில் அணியும் கருவி செய்ய நினைக்கும் மாணவர்களுக்கும், வீட்டில் யாருக்காவது செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வலி என்பது உடம்பின் காவல். அந்தக் காவல் போய்விட்ட இடத்தில் நிற்கத்தான் நாம் கருவி செய்கிறோம். ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே எடுங்கள்.

எதை அளப்பது

சுகருக்குக் கருவி என்றாலே எல்லோரும் ரத்தச் சர்க்கரை காட்டும் வாட்சைத்தான் நினைக்கிறார்கள். குத்த வேண்டாம், தோல் மேல் வெளிச்சம் அடித்தே சுகர் சொல்லும் என்று விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்குமே தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை விட்டது. நாடித்துடிப்பு பார்க்கும் பச்சை விளக்கை வைத்துச் சர்க்கரை எண் ஒன்றைக் காட்டினால், அதை நம்பி ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்வார். எண் தப்பாக இருந்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். உயிர் போகிற விஷயம் அது.

சர்க்கரையை நிஜமாகவே அளக்கும் பட்டைகள் உண்டு. மேல்கையில் ஒட்டுவார்கள். முடி போன்ற ஓர் இழை தோலுக்கடியில் இருக்கும். அதில் பூசிய குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையோடு வினைபுரிய, அதிலிருந்து வரும் சிறு மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக்கும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையே உள்ள நீரை. அதனால் ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் சர்க்கரை இறங்கியதாகப் பொய்யாகவும் காட்டும். அந்த இழையை நம் மேசையில் செய்ய முடியாது. வேர்வையில் கழன்றுவிடாத கைப்பட்டை, 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வீட்டையே எழுப்பும் மணி என்று அதைச் சுற்றிச் செய்ய வேலை நிறைய இருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது பாதத்தின் சூடு. புண் வெளியே தெரிவதற்கு முன்னால் உள்ளே அழற்சி வரும், அந்த இடம் சூடாகும். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டுப் பார்த்து, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2004லும் 2007லும் அமெரிக்காவில் வந்த ஆய்வுகளில், வீட்டிலேயே இப்படிச் சூடு பார்த்து வந்தவர்களுக்குப் பாதப் புண் குறைவாகவே வந்தது. அவர்கள் அளந்த இடங்கள் ஒரு பாதத்துக்கு ஆறு: பெருவிரல், பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் உள்ள மூன்று மேடுகள், நடுப்பாதம், குதிகால். இரண்டு பாதத்துக்கும் பன்னிரண்டு. வெப்பத்தை அளப்பது நமக்குத் தெரிந்த வேலை, மலிவான வேலை, சரிபார்க்கவும் முடியும். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இது எல்லோருக்கும் ஒத்துவராது. ஒரு காலில் மட்டும் ரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அந்தக் கால் எப்போதும் சில்லென்றிருக்கும், வித்தியாசம் ரத்த ஓட்டக் குறைவால் வந்ததா அழற்சியால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஏற்கனவே திறந்த புண் இருப்பவருக்கு இதைப் போடவே கூடாது. ஆகவே முதல் வேலை சால்டரிங் (கம்பிகளை ஈயத்தால் பற்றவைப்பது) அல்ல, மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுவது. 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழையால் அவர் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்பார். எந்த இடத்தில் "தெரியலைங்க" என்று பதில் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அணிபவரோடு ஒரு நாள்

வரைபடம் போடுவதற்கு முன் நான் ஒரு முழு நாள் பெரியம்மாவோடு இருந்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு மாட்டுக் கொட்டகை, வெறுங்கால். ஈரம், சாணம். பத்து மணிக்கு மாந்தோப்பு, ரப்பர் செருப்பு. மதியம் வீட்டுக்குள் மறுபடி வெறுங்கால். ஆக, நாள் முழுக்கப் போடும் சாக்ஸ் என்று நான் மனதில் வைத்திருந்தது அன்றைக்கே போய்விட்டது. நம் ஊர்ப் பக்கம் எந்த அம்மா சாக்ஸ் போட்டுக்கொண்டு மாடு கறப்பார்?

இராத்திரி எட்டே காலுக்குக் களி சாப்பிட்டு, கை கால் கழுவி, காலை நீட்டி டிவி முன்னால் உட்கார்ந்தார். ஒன்பது மணி வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு வேண்டிய நேரம் அதுதான். நடந்து வந்த பாதம் உடனே ஒத்த சூட்டுக்கு வராது. கழுவிய ஈரம் காய வேண்டும். அசையாமல் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். அதெல்லாம் அந்த நேரத்தில் தானாகவே அமைகிறது. அணிபவரின் நாளில் ஏற்கனவே இருக்கும் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். புதுப் பழக்கம் ஒன்றைக் கேட்கும் கருவி பதினைந்தாம் நாள் பீரோவுக்குள் போய்விடும்.

அவருடைய பழைய செருப்பையும் வாங்கிப் பார்த்தேன். வலது செருப்பில் சுண்டுவிரல் மேட்டின் கீழே ரப்பர் தேய்ந்து விரல் நுழையும் அளவுக்குக் குழிந்திருந்தது. உடம்பின் எடை எங்கே விழுகிறது என்று எந்த அளவுகோலும் இல்லாமல் செருப்பே சொல்லிவிடுகிறது. சூட்டை அளக்கும் உணரிகளை (சென்சார்) வைக்கும்போது அந்த இடம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டேன்.

உணரிகள்

சூடு அளக்க டிஎம்பி117 போன்ற டிஜிட்டல் சிப் நல்ல சிப்தான். 0.1 டிகிரி துல்லியம் தரும். ஆனால் சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பி ஒன்றில் அதற்கு நான்கு முகவரிதான் கிடைக்கும். பன்னிரண்டு வேண்டும் என்றால் கம்பியைப் பிரிக்க இன்னொரு சிப், மெல்லிய வளையும் போர்டு என்று செலவு ஏறும். டிஎஸ்18பி20 என்ற இன்னொரு சிப் ஒரே கம்பியில் எத்தனை வேண்டுமானாலும் தொங்கும், ஆனால் பாதத்துக்கு அது தடிமன், துல்லியமும் அரை டிகிரிதான். நான் எடுத்தது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர், 10 கிலோ ஓம், படலம் போன்ற மெல்லிய வகை.

தெர்மிஸ்டரில் ஒரு சௌகரியம் உண்டு. பன்னிரண்டையும் சிடி74எச்சி4067 என்ற பதினாறு வழி மல்டிபிளெக்ஸர் (ஒவ்வொரு வழியாக மாற்றி மாற்றி இணைக்கும் சிப்) வழியாக ஒரே மின்தடைக்கும், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒரே ஏடிசிக்கும் கொண்டுவரலாம். அந்த மின்தடையில் தவறு இருந்தாலும், ஏடிசி கொஞ்சம் கோணலாக இருந்தாலும், இடது வலது இரண்டுக்கும் தவறு ஒன்றுபோலவே விழும், கழிக்கும்போது பெரும்பாலும் போய்விடும். நமக்கு வேண்டியது வித்தியாசம். சரியான சூடு 31.4ஆ 31.8ஆ என்பது முக்கியமில்லை.

பி மதிப்பு (சூட்டுக்குத் தடை எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண்) 3950 உள்ள தெர்மிஸ்டர் 32 டிகிரியில் சுமார் 7.4 கிலோ ஓம் காட்டும், ஒரு டிகிரிக்கு 300 ஓம் அளவுக்கு மாறும். 1 சதவீதத் தரம் என்று வாங்கினாலும் ஒரு உணரிக்குக் கால் டிகிரி வரை தவறலாம். எதிரெதிர் உணரிகள் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் அரை டிகிரி. 2.2 டிகிரியைப் பிடிக்கும் வேலையில் அரை டிகிரியை விட்டுவிட முடியாது.

சரிசெய்வது அடுக்களை வேலை. பன்னிரண்டு உணரிகளையும் ஒரு கொத்தாக நூலால் கட்டி, மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். எவர்சில்வர் சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர். பக்கத்தில் டிஜிட்டல் காய்ச்சல் மானி. சொம்பைத் துண்டால் சுற்றிவிட்டு, மரக்கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். நான் கலக்குவதை நிறுத்திய இரண்டாவது நிமிடம் சொம்பின் அடியும் மேலும் வேறு வேறு எண் காட்டியது. 36 டிகிரியில் ஒரு முறை, அப்புறம் ஆற ஆற 32இல் ஒரு முறை, 28இல் ஒரு முறை எல்லா எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் மானி கீழே உள்ள எண்களைக் காட்டாமல் போகலாம், பரவாயில்லை. பன்னிரண்டும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும், அதுதான் கணக்கு. ஒவ்வொன்றின் விலகலையும் நிரலில் போட்டுக் கழித்துவிடுங்கள். மாதம் ஒரு முறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

இன்னொன்று. தெர்மிஸ்டர் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் அதுவே கொஞ்சம் சூடாகும். 3.3 வோல்ட்டை விடாமல் கொடுத்தால் கால் மில்லிவாட்டுக்கு மேல் அதில் விழுகிறது. இந்த மெல்லிய உணரிக்கு அது தெரியும் அளவு. அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்து உடனே நிறுத்துங்கள். பேட்டரியும் மிஞ்சும்.

துணியும் தையலும்

இந்த இடத்தில் நான் தவறினேன், அதனால் நிறுத்தி எழுதுகிறேன். முதல் காலுறையில் உணரியின் சால்டர் முனை துணிக்கும் பாதத்துக்கும் நடுவில் இருந்தது. கடுகு அளவுதான். நாற்பது நிமிடம் போட்டுக் கழற்றியபோது வலது சுண்டுவிரல் மேட்டில் சிவப்பாக ஒரு குழி. நடுவில் போன் அடித்ததென்று பெரியம்மா எழுந்து திண்ணை வரை நடந்திருக்கிறார். உட்காரும்போது மட்டும் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன், ஆனால் மனிதர்கள் எழுந்து நடப்பார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குழி மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புண்ணைத் தடுக்கச் செய்த கருவியே புண்ணை உண்டாக்கப் பார்த்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதிலிருந்து வந்த விதிகள் இவை. கால் பாதத்தின் அடியில் கம்பி, சால்டர், தையல் முடிச்சு எதுவும் வரக்கூடாது. உணரியின் மெல்லிய முனைகள் இரண்டையும் பாதத்தின் ஓரத்துக்கு இழுத்து வந்து அங்கே சேருங்கள். உணரிக்கு 2 மில்லிமீட்டர் மென்நுரையில் குழி வெட்டி, அதில் நுரையோடு மட்டமாக உட்கார வையுங்கள். பாதத்தைத் தொடும் பக்கம் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் தனி உள்ளுறை இருக்கட்டும், தினமும் துவைக்க வசதி. அந்தத் துணி நடுவில் வருவதால் சூடு நிலைக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் இரண்டு காலுக்கும் ஒரே துணி, கணக்கு கெடாது. வெள்ளை ஏன் என்றால், ஒரு சொட்டு ரத்தமோ சீழோ பட்டால் அதில் உடனே தெரியும். என்னைக் கேட்டால், அந்த வெள்ளைத் துணியே பாதிக் கருவி. விளிம்பில் இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம், கணுக்காலில் அகலமான வெல்க்ரோ போதும்.

செய்து முடித்ததும் உங்கள் முன்கையின் உள்பக்கம் உறையை வைத்து, மேலே இரண்டு கிலோ அரிசிப் பையை அரை மணி நேரம் வையுங்கள். எடுத்த பிறகு உங்கள் தோலில் ஒரு தடம்கூடத் தனியாகப் பதிந்திருக்கக் கூடாது. பதிந்திருந்தால் பிரித்துத் திரும்பத் தையுங்கள்.

மின்சாரம்

உணரிகளைப் படித்து எண்களை அனுப்பும் சிப்புக்கு, முதலில் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டில் சோதித்தேன். வைஃபை ஓடும்போது 200 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும், போர்டும் சுடும். அணிவதற்கு அது சரிவராது. புளூடூத் மட்டும் உள்ள என்ஆர்எஃப்52 வகைச் சிப்புக்கு மாறினேன். நாளுக்கு அரை மணி நேரம்தான் வேலை என்பதால் 220 மில்லியாம்பியர்-மணி அளவுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரியே மாதக்கணக்கில் வருகிறது. சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரியை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். மருத்துவக் கருவிகளுக்கான உலகத் தரவிதி, தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பகுதிக்கு 43 டிகிரியை எல்லையாக வைக்கிறது. சூடு தெரியாத பாதத்துக்கு அந்த எல்லையையும் நான் ஏற்க மாட்டேன். அங்கே எதுவுமே சூடாகக் கூடாது. போர்டும் பேட்டரியும் கணுக்காலுக்கு மேலே, வெளிப்பக்கம் இருக்கட்டும். பொத்தான் பேட்டரி மூடியை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

எப்போது, எப்படிச் சொல்வது

பதினைந்து நிமிடம் போன பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் பத்து நொடிக்கு ஒரு முறை அளந்து, ஒவ்வொரு இடத்துக்கும் வரும் முப்பது எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், கால் ஒரு முறை அசைந்தாலே சராசரி கெட்டுவிடும். ஒரு நாள் 2.2க்கு மேல் போனால் மறுநாள் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளும் அப்படியே என்றால்தான் எச்சரிக்கை.

உணரி தோலைத் தொடுகிறதா என்று பார்க்க, அதன் எண் அறையின் சூட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும் என நினைத்திருந்தேன். தையிலும் மாசியிலும் அது சரியாகவே ஓடியது. சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள் இரவு எட்டு மணிக்கும் 34 டிகிரி. அறையும் தோலும் ஒரே சூடு, தொடுகிறதா இல்லையா என்று கருவிக்குத் தெரியவில்லை. பாதங்களுக்கு இடையே உள்ள வித்தியாசமும் அந்தப் புழுக்கத்தில் மங்கிவிடும். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கோடைக்கு நேரத்தை மாற்றுவதுதான் வழி. பங்குனி முதல் வைகாசி வரை, எழுந்ததும், தரையில் கால் வைப்பதற்கு முன்னால், கட்டிலிலேயே.

எச்சரிக்கையை எங்கே வைப்பது என்பதில் பலர் கணுக்காலில் அதிர்வு மோட்டார் வைத்துவிடுகிறார்கள். நரம்பு கெட்ட காலில் அதிர்வு உணர்ச்சியும் போயிருக்கும். மருத்துவர்கள் 128 ஹெர்ட்ஸில் அதிரும் இசைக்கவையால் அதைத்தான் சோதிக்கிறார்கள். அந்த அதிர்வு அவருக்குத் தெரியாது. சிறு விளக்கும் வேண்டாம், சுகர் கண்ணையும் பாதிக்கும். நான் வைத்தது குரல். பேத்தியைப் பேசவைத்துப் பன்னிரண்டு வாக்கியம் பதிவு செய்தேன். "அவ்வா, வலது கால் சுண்டுவிரல் கீழே பாருங்க." டிவி பக்கத்தில் இருக்கும் சிறு ஸ்பீக்கர் பெட்டியில் அது வரும். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் "சரியா இருக்கு" என்று மட்டும். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் கருவி வேலை செய்கிறதா என்றே அவருக்குத் தெரியாது. விருந்தாளிகள் இருந்தால் பேசாமல் இருக்க ஒரு பெரிய பொத்தானும் உண்டு. நோய் அவருடையது, யார் காதில் விழ வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டுப் போவார். கருவியின் எண்களை முதலில் படிப்பவர் அவர்தான் என்று வைத்து ஒரு நோட்டுப் பக்கம் அமைத்தேன். இரண்டு பாதத்தின் படம், ஆறு ஆறு வட்டம், வாரத்தின் அதிக வித்தியாசம் சிவப்பில். மருத்துவருக்கு அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். போன் செயலியில் வரைகோடு காட்டுவதைவிட இந்தத் தாள் அதிகம் உதவியிருக்கிறது.

வீட்டு ஆளுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. 2020 ஏப்ரல் முதல் மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. 2017இன் மருத்துவக் கருவி விதிகள்படி அவை ஏ, பி, சி, டி என்று ஆபத்தின் அளவுக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. பத்து நோயாளிகளிடம் கொடுத்து ஆய்வு செய்வதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குங்கள். கல்லூரி புராஜெக்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியதை உறையின் மேலேயே துணி எழுத்தில் தைத்து வைத்திருக்கிறேன்: உட்கார், பார், நடக்காதே, காட்டு. ஆவணியில் இரண்டு நாள் தொடர்ந்து வலது சுண்டுவிரல் மேட்டில் 2.6 வந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. லேசாகக் கால் ஆணி மாதிரி தடித்திருந்தது, அவ்வளவுதான். மருத்துவர் தடிப்பைச் சீவிப் பார்த்தபோது அடியில் ரத்தம் கட்டியிருந்தது. குழிந்த அந்தப் பழைய செருப்பை மாற்றி, மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு வாங்கினோம். ஒரு வாரம் மாட்டை நான் கறந்தேன். ஒன்பதாம் நாள் நோட்டில் அந்த வட்டத்துக்குள் 0.7 என்று பேத்தி எழுதினாள்.